வீட்டிலேயே கார் வேலை பார்க்க முதலில் என்னென்ன டூல்ஸ் வாங்கலாம்?

சொந்தக் காருக்கென்று நான் முதலில் வாங்கிய டூல், ஒரு 46 பீஸ் சாக்கெட் செட். பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் வரிசையாகப் பளபளவென்று இருக்கும். விலையும் ஐந்நூறு ரூபாய்க்குள்தான். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று 10 எம்எம் சாக்கெட்டை மாட்டித் திருப்பினேன். நட்டு அசையவில்லை. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினேன். கைக்குள் ஏதோ நழுவியது போல இருந்தது. எடுத்துப் பார்த்தால், சாக்கெட்டின் வாய் விரிந்திருந்தது, நட்டின் ஆறு முனையும் மழுங்கி வட்டமாகிவிட்டது.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து கிரிப் பிளேயரால் கவ்வி அதைக் கழற்றினார். புது நட்டு போட்டு, தன் பையிலிருந்து கருத்துப்போன ஒரு ரிங் ஸ்பேனரை எடுத்து முடுக்கினார். அவர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இருக்கும் ஸ்பேனராம் அது. 46 துண்டுகளை விட அந்த ஒற்றை ஸ்பேனர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. எத்தனை டூல் இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. எந்த வேலையைச் செய்யப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் நல்லதாக வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையில்தான் போகப்போகிறது.

படி 1: வேலையை முடிவு செய்யுங்கள்

ஒரு பேப்பரை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் நீங்களே செய்ய நினைக்கும் வேலைகளை எழுதுங்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் பிளேடு, பல்பு, ஃபியூஸ், பேட்டரி, ஸ்டெப்னி மாற்றுவது, டயர் காற்று பார்ப்பது போதும். இதில் பாதிக்கு மேல் ஒரு திருப்புளியும் 10 எம்எம் ஸ்பேனரும் இருந்தாலே முடிந்துவிடும். சில கார்களில் ஏசி ஃபில்டரை மாற்ற எந்த டூலும் வேண்டாம். டேஷ்போர்டு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் அது கீழே இறங்கும், பின்னால் ஃபில்டர் இருக்கும்.

கை பழகிய பிறகு இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக் என்று போகலாம். பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் மாற்றும் வேலையை, முதல் இரண்டு மூன்று முறையாவது தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

தொடவே கூடாதவையும் உண்டு. ஏர்பேக், ஏசி கேஸ், பெட்ரோல் லைன், டைமிங் பெல்ட். ஹைப்ரிட் காரோ எலெக்ட்ரிக் காரோ இருந்தால், ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை, உயிரைப் பறிக்கக்கூடியவை. அந்தப் பக்கமே கை போகக் கூடாது. வாரண்டி இன்னும் முடியாத கார் என்றால், ஆயில் மாதிரியான சர்வீஸ் வேலைகளைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுங்கள்.

படி 2: உங்கள் கார் என்ன சைஸ் கேட்கிறது என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இன்று ஓடும் கார்கள் எல்லாமே மில்லிமீட்டர் கணக்குதான். பழைய அம்பாசடர் வைத்திருப்பவருக்குத்தான் இஞ்ச் ஸ்பேனர் வேண்டும். ஆனால் மில்லிமீட்டருக்குள்ளும் கம்பெனிக்கு கம்பெனி பழக்கம் மாறும்.

மாருதி, டொயோட்டா, ஹோண்டா போன்ற ஜப்பான் வழி வந்த கார்களிலும் ஹூண்டாயிலும் 8, 10, 12, 14, 17 தான் அதிகம் வரும். டாடா, மஹிந்திரா கார்களில் 13-ம் அடிக்கடி தேவைப்படும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் 10, 13, 16 என்று போகும். கூடவே நட்சத்திர வடிவத் தலை கொண்ட டார்க்ஸ் திருகுகள் நிறைய இருக்கும், அதற்கென்று டார்க்ஸ் பிட் தனியாக வாங்க வேண்டும். வீல் நட்டை எடுத்துக்கொண்டால் மாருதியில் பெரும்பாலும் 19, ஹூண்டாயில் 21. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் நட்டே கிடையாது. 17 எம்எம் தலை கொண்ட போல்ட், வீலைத் துளைத்துக்கொண்டு நேராக ஹப்பில், அதாவது சக்கரம் உட்காரும் நடுப்பகுதியில், ஏறும். ஹப்பில் நீட்டி நிற்கும் மரைக்கம்பி, அதாவது ஸ்டட், இல்லாததால், வீலைத் தூக்கி ஓட்டையோடு ஓட்டை பொருத்திப் பிடித்தபடியே முதல் போல்ட்டை ஏற்ற வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு ஸ்பேனர் செட் இரவல் வாங்கி, பானெட்டைத் திறந்து, நீங்கள் எழுதிய வேலைகளுக்கு எந்தெந்த நட்டைத் தொட வேண்டுமோ அதிலெல்லாம் வைத்துப் பாருங்கள். சைஸைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் வேண்டாத பாதி டூலுக்குப் போகும் பணம் மிச்சமாகும். காரோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலையும் எடுத்து வெளியே வையுங்கள். ஜாக்கி எங்கே வைக்க வேண்டும், எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த ஆயில் எவ்வளவு என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

படி 3: ஸ்பேனர்

ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் திறந்த வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பேனராக வாங்குங்கள். 8-லிருந்து 19 வரை ஒரு செட் இருந்தால் வெகுநாள் ஓடும்.

எதை எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் புதியவர்கள் தவறுவார்கள். திறந்த வாய் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். வளையம் சுற்றிலும் பிடிக்கும். இறுகிப்போன நட்டை முதலில் அசைக்க எப்போதும் வளையத்தையே போடுங்கள். அது இளகிய பிறகு, வேகமாகச் சுழற்றி எடுக்கத் திறந்த வாயைப் பயன்படுத்தலாம். மாற்றிச் செய்தால் நட்டின் முனை மழுங்கும், விரல் முட்டியும் எங்காவது இரும்பில் போய் இடிக்கும். வாயை அகலப்படுத்திக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பேனர் குழாய் வேலைக்குச் சரி. கார் நட்டில் அதை வைக்காதீர்கள், அந்த வாயில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்.

கடையில் ஸ்பேனரைக் கையில் வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். சைஸ் எண்ணும் கம்பெனிப் பெயரும் ஆழமாக, தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். சிஆர்-வி என்று போட்டிருந்தால் குரோம் வனேடியம் எஃகு என்று அர்த்தம், ஆனால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். வாயின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பட்டைகள் கூர்மையாக, நேராக இருக்க வேண்டும். பிசிறோ, மேல்பூச்சு தடித்துக் கட்டியாகி நிற்பதோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். முடிந்தால் ஒரு புது போல்ட்டைக் கேட்டு வாங்கி அதில் மாட்டிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும், இறங்கிய பிறகு ஆடக் கூடாது.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் அதிகம் பார்ப்பது டபாரியா. வீட்டு உபயோகத்துக்கு அது தாராளமாகப் போதும். வெளிநாட்டு பிராண்டுக்கு நாலு மடங்கு கொடுப்பது தினமும் நாற்பது நட்டு கழற்றுபவருக்குப் பொருந்தும். நமக்கு அந்தப் பணம் வேறு இடத்தில் தேவைப்படும், அதற்கு வருகிறேன்.

படி 4: சாக்கெட் செட்

சாக்கெட், அதாவது பாக்ஸ் ஸ்பேனர், மேலே கை நுழையாத குழிகளுக்கு. சாக்கெட்டை மாட்டி, எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்துத் திருப்புகிற ராட்செட் கைப்பிடியில் சதுரமாகத் துருத்தி நிற்கும் பகுதியின் அளவைத்தான் டிரைவ் என்பார்கள். கால் இஞ்ச், 3/8 இஞ்ச், அரை இஞ்ச் என்று மூன்று வகை. தச்சர் கணக்கில் சொன்னால் இரண்டு நூல், மூன்று நூல், நான்கு நூல்.

மலிவான 46 பீஸ் செட் கால் இஞ்ச் டிரைவ். டேஷ்போர்டு, விளக்கு மாதிரி சின்னத் திருகுகளுக்கு மட்டும் சரி. அரை இஞ்ச் வீல் நட்டுக்கும் அடிப்பக்க வேலைக்கும் நல்லது, ஆனால் இன்ஜினுக்குள் நெருக்கமான இடத்தில் திரும்ப இடம் இருக்காது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 3/8 வாங்குங்கள். 8-லிருந்து 19 வரை சாக்கெட், ஒரு நீள எக்ஸ்டென்ஷன், ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன், ஒரு ராட்செட். ராட்செட்டைக் காதருகே வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பற்கள் நெருக்கமாக, சீராக ஒலிக்க வேண்டும். பற்கள் நெருக்கமாக இருந்தால் இடமில்லாத இடத்தில் கொஞ்சமாக அசைத்தே திருப்ப முடியும்.

சாக்கெட்டின் உள்ளே ஆறு பட்டையா பன்னிரண்டு பட்டையா என்றும் பாருங்கள். பன்னிரண்டு பட்டையைக் கடைகளில் பை-ஹெக்ஸ் என்பார்கள். அதை மாட்டுவது சுலபம், ஆனால் அது நட்டின் முனையில் மட்டுமே அழுத்தும். ஆறு பட்டை நட்டின் பக்கச் சுவரில் அழுத்துவதால் முனை மழுங்குவது அரிது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் துரு ஏறிய நட்டுகளோடு போராடுபவர் ஆறு பட்டையையே கேட்டு வாங்குங்கள்.

ஸ்பார்க் பிளக்குக்கு உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த தனி சாக்கெட் உண்டு. இன்றைய பல பெட்ரோல் கார்களுக்கு 16 எம்எம், பழைய வண்டிகளுக்கு 21, சில புதிய இன்ஜின்களுக்கு 14. பிளக்கைக் கழற்றுவது இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரும். மாட்டும்போது ராட்செட் வேண்டாம், எக்ஸ்டென்ஷனை விரல்களால் உருட்டி ஏற்றுங்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் சொல்வார்: "நட்டு முதல்ல கையால ஏறணும் தம்பி. கையால ஏறலைன்னா ஸ்பேனரை எடுக்காத, கழட்டி மறுபடியும் வை."

படி 5: டார்க் ரெஞ்ச்

ஸ்பேனரில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே போடுங்கள். எவ்வளவு பலத்தில் முடுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டூல் இது. கைப்பிடியைச் சுழற்றி எண்ணை வைத்தால், அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று கைக்குள் தட்டும். அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னொரு கிளிக் கேட்கும் ஆசையில் மறுபடி அழுத்தினால் அளவு கூடிவிடும்.

ஆயில் மாற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியில், உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றுகிறீர்கள். போல்ட் எஃகு. அது ஏறும் சம்ப் பல கார்களில் அலுமினியம். ஆயில் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில், மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழுப்பு கூடுதலாக இழுப்போம். திடீரென்று கை லேசாகும், போல்ட் இறுகாமல் சும்மா சுற்றும். அலுமினிய மரை போய்விட்டது. நானூறு ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் சம்ப்பையே மாற்றும் செலவு வந்து நிற்கும். அந்தப் போல்ட் ஒழுகாமல் இருப்பது நம் பலத்தால் இல்லை, அதன் கழுத்தில் உள்ள வாஷரால். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட்டு, உங்கள் காருக்குச் சொன்ன அளவில் முடுக்கினால் சொட்டுக்கூட வராது. ஆயில் ஃபில்டரை மாட்ட டூலே வேண்டாம். ரப்பர் வளையத்தில் விரலால் புது ஆயிலைத் தடவி, உட்கார்ந்ததும் கையால் முக்கால் சுற்று, அல்லது அதன் மேல் அச்சிட்டிருக்கிற அளவு. இது தகரக் குடுவை மாதிரி இருக்கும் ஃபில்டருக்கு. மூடிக்குள் காகித ஃபில்டர் வரும் கார் என்றால் அந்த மூடிக்குத் தனி அளவு உண்டு.

வீல் நட்டுக்கும் இதே டூல்தான். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் காரின் சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். சில பழைய மேனுவல்களில் கிலோகிராம் மீட்டரில் இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். அரை இஞ்ச் டிரைவில் 40-லிருந்து 200 வரை அளக்கும் ஒன்று வீல் நட்டுக்குச் சரியாக இருக்கும். டிரெயின் போல்ட், பிளக் போன்ற சிறிய அளவுகளுக்கு 3/8 டிரைவில் சின்னது ஒன்று பிறகு வாங்கிக்கொள்ளலாம். எதையும் கழற்ற டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்கேலில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அளவு தவறும்.

படி 6: ஜாக்கியும் ஸ்டாண்டும்

இந்த ஒரு விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். காரோடு வரும் ஜாக்கி, வழியில் டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை வைத்துத் தூக்கிய காருக்கு அடியில் தலையோ தோளோ போகவே கூடாது. ஒரு ஸ்விஃப்ட் கிட்டத்தட்ட 900 கிலோ. ஹைட்ராலிக் ஜாக்கி இருந்தாலும் இதே பேச்சுதான், உள்ளே ஒரு ரப்பர் சீல் கசிந்தால் போதும், இறங்கிவிடும். தூக்குவதுதான் ஜாக்கியின் வேலை, தாங்குவது ஸ்டாண்ட். இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்று, ஒரு ஜோடி ஸ்டாண்ட், இரண்டும் சேர்ந்தேதான் வாங்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருங்கள், அதுவரை அடியில் போகும் வேலையை மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. சுவராக நிற்கும்போது தாங்குகிற கல், ஒரே இடத்தில் இரும்பு முனை குத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

தூக்கும் வரிசை இது. தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். அபார்ட்மெண்ட் சரிவுப் பாதை வேண்டாம், மண் தரை வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வைத்து, தூக்காத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டை அரைச் சுற்று இளக்கிவிடுங்கள், தூக்கிய பிறகு இளக்கப் போனால் வண்டி ஆடும். மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கி வையுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், சக்கரத்தை ஒட்டி இரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும், அவற்றுக்கு நடுவில்தான் தகரம் கெட்டியாக இருக்கும். தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கி, எடை ஸ்டாண்டுக்கு வந்ததும் வெளியே நின்று பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் சரி. கழற்றிய சக்கரத்தைச் சும்மா ஓரமாகச் சாய்க்காமல் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள், அது ஒரு கூடுதல் பாதுகாப்பு.

படி 7: கரண்ட் வேலைக்கு

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற காரின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.0-க்கு வந்திருந்தால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் பொதுவாக ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட்டிலேயே நிற்கிறது என்றால் புது பேட்டரி வாங்கி லாபமில்லை, கோளாறு சார்ஜ் பக்கம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது இந்த மூன்று எண்கள் தெரிந்தாலே வீண் செலவு பாதி குறையும்.

பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். காரின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்தது. ப்ளஸ் நட்டை முதலில் இளக்கும்போது ஸ்பேனரின் மறுமுனை பக்கத்தில் எந்தத் தகரத்தில் பட்டாலும் பொறி தெறிக்கும். மைனஸ் கழன்ற பிறகு பட்டாலும் ஒன்றும் ஆகாது. கையில் மோதிரம், கடிகாரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு இணையும் இடம்) செருகும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று, சில நூறு ரூபாய்தான், வாங்கிவைக்கலாம். இன்ஜின் விளக்கு எரிந்தால், கோளாறைக் குறிக்கும் எண்ணை, அதாவது கோடை (code), போனில் காட்டும். ஆனால் கோடு சொல்வது அறிகுறியை மட்டுமே. பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், பிளக்குக்குப் பொறி தரும் காயில் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிளக்குக்கு ஒரு காயில் வரும் இன்ஜினாக இருந்தால், முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0302 ஆனால் கோளாறு காயிலோடு போயிருக்கிறது, அதை மாற்றலாம். பி0301 என்றே நின்றால் பிளக்கையும் மற்றதையும் பாருங்கள்.

சில்லறைச் சாமான்கள்

இரண்டாம் நம்பர் ஸ்டார் (பிளஸ் வடிவ) திருப்புளி ஒன்று, தட்டை ஒன்று, கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், அலன் கீ செட், தலையில் மாட்டும் டார்ச், டயர் பிரஷர் கேஜ், புனல், ஆயில் பிடிக்க அகலமான தட்டு, நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. துருப்பிடித்த நட்டுக்கு டபிள்யூடி-40 அடித்துக் கால் மணி நேரம் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். லுங்கியோடு பானெட்டுக்குள் குனியாதீர்கள். பல கார்களில் ரேடியேட்டர் விசிறி இன்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றும்.

எங்கே வாங்குவது

சென்னையில் பாரிமுனையின் செம்புதாஸ் தெருப் பக்கம் டூல்ஸ் கடைகளும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் உதிரிபாகக் கடைகளும் வரிசையாக உண்டு. கோவையில் நஞ்சப்பா சாலை. சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் பார்க்கலாம். பழைய ஸ்பேனர் நல்லதாக அமைந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஜாக்கி, ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள், உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியே தெரியாது. கடைக்கு நேரில் போவதே நல்லது. கையில் எடுத்துப் பார்க்கலாம், எனக்கு 10, 12, 14 மட்டும் போதும் என்று தனித்தனியாகவும் கேட்கலாம், பில்லும் வாங்கலாம். குறித்துவைத்த சைஸ் பேப்பரைக் கடைக்காரரிடம் நீட்டினால் அவரும் தேவையில்லாததை எடுத்துப்போட மாட்டார்.

வாங்கி வந்ததை வேலை முடிந்ததும் துடைத்து, ஆயில் துணியால் ஒரு தடவு தடவி வையுங்கள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவிப் பொட்டு வைக்கும்போதே எண்ணியும் பார்த்துவிடுவோம். குறைவது பெரும்பாலும் 10 எம்எம்தான். அதை மட்டும் முதலிலேயே இரண்டாக வாங்கிவிடுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை

வாங்கியதை வைத்து முதல் நாளே ஆயிலில் கை வைக்க வேண்டாம். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். பேட்டரி வோல்ட் அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது நான்கு டயரிலும் ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். பிறகு ஸ்டெப்னியை இறக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். நட்டுகளை அடுத்தடுத்து முடுக்காமல் எதிரும் புதிருமாக முடுக்கி, வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்சில் கிளிக் கேளுங்கள். எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதே எண்ணில் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

ஆயில் மாற்றும் நாள் வரும்போது, வடித்த ஆயிலைப் பழைய கேனில் ஊற்றி மூடி மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள், கழிவு ஆயில் வாங்குபவர்கள் அவர்களிடம் வருவார்கள். சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றினால் அது நேராக நிலத்தடி நீருக்குத்தான் போகும்.